சுற்றித்தான் போகவேண்டும்

ஐப்பசி மாதத்து ஒரு காலைப்பொழுதில், தியாகராய நகர் பேருந்து நிலையத்திலிருந்து மேற்கு மாம்பலம் வழியாகச் செல்லும் பேருந்தொன்றில் ஏறி, அதிருஷ்டவசமாக ஜன்னலோரத்து ஆசனம் ஒன்றைப் பெற்று உட்கார்ந்தேன். இரவெல்லாம் கொட்டிய மழை விடியற்காலையில் ஓய்ந்திருந்ததே தவிர, ஆகாயம் இன்னும் கறுத்துத்தான் கிடந்தது. வேஷ்டியையும் புடவையையும் கால்சராயையும் முழங்கால் வரையில் உயர்த்திக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறிய ஜனங்கள் நிலைகொள்வதற்குள், கண்டக்டர் சீட்டுக் கொடுக்கும் காரியத்தைச் சற்று ஒத்திவைத்துவிட்டுப் படிக்கட்டில் நின்றவாறே ஒரு பிரகடனம் செய்தார்.

"துரைசாமி சப்வேல இடுப்பளவு தண்ணி நிக்குது. அரங்கநாதன்லயும் தடுப்பு போட்டுட்டாங்க. கோடம்பாக்கம் பாலம் ஏறிச் சுத்தித்தான் போகணும். அவசரம்னா இப்பவே இறங்கிக்குங்க, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது!"

ஒருவரும் இறங்கவில்லை. முன் ஆசனத்தில் இருந்த முதியவர் மட்டும், "இதென்னப்பா புதுசா? நான் ரிடையராகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே இப்படிச் சுத்திக்கிட்டுத்தான் ஆபீஸ் போனேன்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் முடியவேண்டிய அந்தப் பிரயாணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அவ்வளவு நேரமும் வெளியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கண்டக்டர் ஒப்பித்த இடங்களின் பெயர்கள் மனத்தில் சுழன்றுகொண்டே இருந்தன. வண்டி போகமுடியாத தெருக்களை ஒரு காகிதத்தில் புள்ளிகளாக வைத்து, அந்தப் புள்ளிகளை ஒரு கோட்டினால் சேர்த்துப் பார்த்தால், நூறு வருஷங்களுக்கு முன் அந்தப் பிரதேசத்தில் நீர் எங்கே நின்றது, எந்த ஓரத்தில் கரை தட்டியது என்பதன் சித்திரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும் என்று தோன்றியது. கண்டக்டருக்குச் சரித்திரப் பயிற்சி கிடையாது. பழைய சர்வே வரைபடங்களையும் அவர் பார்த்திருக்கமாட்டார். ஆனால் எந்த மழைக்கு எந்தத் தெரு முழுகும் என்று வருஷக்கணக்கான அநுபவத்தினால் அவர் அறிந்து வைத்திருக்கிற வழிப்படம், மறைந்துபோன ஏரிகளின் படத்தைத் தவிர வேறில்லை.

ஏரிக்குள் ஒரு நகர்

அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்த காலத்தில், அதற்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் ஒரு பெரிய நீர்நிலை நீண்டு கிடந்தது. அதன் நீளத்தைப் பார்த்து ஆங்கிலேயர் அதற்கு 'லாங் டாங்க்' என்று பெயரிட்டார்கள். படகுப் பந்தயம் விடும் அளவுக்கு அதில் ஜலம் நின்றது. பட்டணத்தில் ஜனத்தொகை பெருகிக் குடியிருப்புக்கு இடம் போதாமல் போனபோது, 1920-ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்தின் பின்னணியில், அந்த ஏரியின் நீரை வடித்து, பள்ளத்தைத் தூர்த்து, மனைகளாகப் பிரித்து, நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைச் சூட்டி ஒரு புதிய நகரை எழுப்பினார்கள். பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் உஸ்மான் சாலையும் அந்தக் காலத்துப் பிரமுகர்களின் பெயர்களை நமக்கு நினைவூட்டுகின்றன. ஏரியை நினைவூட்டுவதற்கு அங்கே சிலை இல்லை. வடகிழக்குப் பருவமழைதான் ஆண்டுதோறும் வந்து அந்தக் கடமையைச் செய்துவிட்டுப் போகிறது.

பெயர்களில் மட்டும் ஏரி இன்னும் வற்றாமல் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' உண்டு, 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு. அந்தச் சாலையில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் எதிர்வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது வேறு விஷயம். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் மனை போட்ட பகுதிக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். சிறிய ஏரிக்குச் செங்கற்பட்டுச் சீமையில் 'தாங்கல்' என்று பெயர். பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்னும் ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் முதலில் மூடப்படுகிற சுரங்கப்பாதைகளில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையும் ஒன்று என்பதைக் கேள்விப்படும்போது, பெயர் வைத்த முன்னோர்கள் நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போன எச்சரிக்கையை நாம் படிக்கத் தவறிவிட்டோம் என்பது தெளிவாகிறது.

தொண்டை மண்டலத்து ஏரிகள் தனித்தனியே வெட்டப்பட்டவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக உபரிநீர் வழிந்து, கால்வாயில் இறங்கிக் கீழ் ஏரியை அடையும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதை அடையும். இப்படிப் படிப்படியாக இறங்கிவந்த ஜலம் கடைசியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு என்னும் மூன்று நதிகளில் ஒன்றின் மூலமாகவோ, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மூலமாகவோ சமுத்திரத்தில் கலந்தது. சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால், மேலே இருந்து வருகிற தண்ணீர் வருவதை நிறுத்திவிடுவதில்லை. தங்குவதற்கு முன்பிருந்த இடம் இல்லாமையால், இருப்பதற்குள் தாழ்ந்த இடம் எதுவோ அதைத் தேடிக்கொண்டு போகிறது. இன்றைய நகரத்தில் அத்தகைய தாழ்ந்த இடம் பெரும்பாலும் சாலையாகவே இருக்கிறது.

மழையின் கணக்கு

சென்னை ஏறக்குறையத் தட்டையான கடற்கரைச் சமவெளி. நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. இங்கே வருஷத்தில் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகையால் இந்த நகரத்துக்கு மழை குறைவு என்பதும் உண்மை அன்று. நிதானமாகப் பெய்கிறது என்பதும் உண்மை அன்று.

'பத்து சென்டிமீட்டர் மழை' என்று வானொலியில் கேட்கும்போது அது ஒரு சாண் அளவுகூட இல்லையே என்று சாமான்ய ஜனங்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பின்மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அது 1 கோடி லிட்டர் தண்ணீர். கோடைகாலத்தில் நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் லாரியில் அதை ஏற்றினால் 830 லாரிகளுக்கு மேல் வேண்டும். பத்து சென்டிமீட்டர் பெய்தால் 8,300 லாரிகளுக்கு மேல். இது ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும். 2011-இல் விஸ்தரிக்கப்பட்ட மாநகராட்சியின் விஸ்தீரணமோ 426 சதுர கிலோமீட்டர். மண் தரையாக இருந்தால் இதில் ஒரு பகுதியைப் பூமி குடித்துவிடும். தாரும் சிமெண்டும் ஓடு பதித்த முற்றமுமாக நாம் மூடி வைத்திருக்கிற தரைக்குத் தாகம் என்பதே தெரியாது. விழுந்த துளியெல்லாம் அந்தக் கணத்திலேயே ஓட ஆரம்பிக்கிறது.

அவ்வாறு ஓடுவதற்கு மழைநீர் வடிகால் இருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து வடிகாலுக்குள் நீர் இறங்கவேண்டிய வாய், பெரும்பாலும் நடைபாதையின் ஓரத்தில் ஒரு சிறு கம்பிச் சட்டமாகவே அமைந்திருக்கிறது. அரச இலையும் பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பையும் முதல் மழையிலேயே அந்த வாயை அடைத்துவிட்டால், பாதாளத்தில் எத்தனை பெரிய வடிகால் இருந்தும் பிரயோஜனமில்லை. மேலே வெள்ளம் நிற்கும், கீழே வடிகால் பாதி காலியாகவே கிடக்கும். வடிகாலைக் கடந்து ஆற்றை அடைந்த நீருக்கும் சங்கடம் தீர்ந்தபாடில்லை. கூவத்தின் முகத்துவாரத்திலும் அடையாற்றின் முகத்துவாரத்திலும் மணல் மேடிட்டு வழியைக் குறுக்குகிறது. கடல் ஏற்றம் கொண்டிருக்கும் வேளையில், புயல் வேறு அலையைக் கரைக்குத் தள்ளுமானால், சமுத்திரம் நதியை உள்ளே அநுமதிப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரமாக நின்று நிதானித்தபோது நகரத்து நீர் வடியத் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுரங்கப்பாதையின் சுபாவம்

மழை பெய்தவுடன் முதலில் சுரங்கப்பாதைகளே மூடப்படுவது ஏன் என்று கேட்போருக்கு, நகரத்தின் அமைப்பையே விடையாகக் காட்டலாம். எழும்பூரிலிருந்து தாம்பரம் வரையில் ரயில்பாதை வடக்கு தெற்காகச் செல்கிறது. நிலமோ மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கிச் சரிகிறது. ஆகவே மேட்டின்மேல் போடப்பட்ட இருப்புப்பாதை, தன்னை அறியாமலே ஓர் ஏரிக்கரையின் வேலையைச் செய்கிறது. அந்தக் கரையில் வாகனங்கள் புகுந்து செல்வதற்காக நாம் வெட்டிய துவாரங்களே துரைசாமி, அரங்கநாதன், மேட்லி, கெங்குரெட்டி முதலான சுரங்கப்பாதைகள். ஏரிக்கரைக்கு அடியில் மதகு எப்படியோ அப்படியே இவையும். சுற்றுவட்டாரத்து நீரெல்லாம் அங்கே வந்து சேராமல் வேறெங்கே சேரும்? மதகின் வழியே நீர் மறுபக்கம் ஓடிவிடும். சுரங்கப்பாதையோ இருபக்கமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த தொட்டி. அங்கே வந்த தண்ணீரை மோட்டார் பம்பு வைத்து இறைத்துத்தான் வெளியேற்றவேண்டும். இறைத்த நீரை விடுகிற கால்வாயும் நிரம்பி வழியும்போது, பம்பு ஒருபக்கம் இறைக்க, மறுபக்கம் அதே நீர் திரும்பி வந்துகொண்டிருக்கும் வேடிக்கையையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு சுரங்கப்பாதை மூடப்பட்டால் அந்த இடத்துப் பிரயாணிகள் மட்டும் கஷ்டப்படுகிறார்கள் என்று நினைப்பது தவறு. மூன்று வழிகளில் பிரிந்து சென்ற வாகனங்கள் எல்லாம் ஒரே மேம்பாலத்தை நாடி வருவதால், ஒரு துளி தண்ணீரும் நிற்காத கோடம்பாக்கத்திலும் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. வெள்ளம் நிற்கும் தெரு ஒன்றாயிருக்க, நெரிசல் நிற்கும் தெரு பத்தாகிறது.

சாலைக்கு நேர்வது

நல்ல தார்ச் சாலை ஒன்றை உற்றுப் பார்த்தால் அது தட்டையாக இருப்பதில்லை என்பது புலனாகும். நடுவில் சற்று உயர்ந்து, இருபுறமும் மீட்டருக்கு இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் வீதம் சரிந்து, ஆமையின் முதுகைப்போல் அது அமைந்திருக்கும். மழைநீர் ஓரத்துக்கு வடிவதற்கான யுக்தி அது. ஓரத்தில் வடிகாலின் வாய் அடைபட்டால் அந்த ஓரமே குளமாகிறது; மூன்று வரிசையாகச் சென்ற வாகனங்கள் நடுமுதுகில் ஒரே வரிசையாக ஒதுங்குகின்றன. பேருந்து ஓரத்துக்கு வராமல் நடுச்சாலையில் நிற்கிறது. பிரயாணிகள் தண்ணீரில் இறங்கி நடந்துபோய் ஏறவேண்டியிருக்கிறது. அவர்கள் ஏறும்வரை பின்னால் உள்ள வண்டிகளெல்லாம் காத்திருக்கின்றன. ஓரத்தில் அரையடித் தண்ணீர்தானே நிற்கிறது என்று அலட்சியமாகச் சொல்லுகிறோம். சாலையின் சக்தியில் பாதிக்கு மேல் அந்த அரையடிக்குள் மூழ்கிவிடுகிறது.

நின்ற தண்ணீர் வடிந்தபின்னும் அதன் காரியம் முடிவதில்லை. தாருக்கும் நீருக்கும் ஜன்மப் பகை. மேற்பரப்பில் உண்டான சிறு வெடிப்பின் வழியே புகுந்த நீர், தார் போர்த்திய ஜல்லிக்கு அடியில் தங்கி, அந்த அடித்தளத்தை இளக்கிவிடுகிறது. அதன்மேல் லாரியின் சக்கரம் ஏறும்போது உள்ளிருக்கும் நீர் பிதுங்கி வெளியே பீறிடுகிறது. சக்கரம் இறங்கியதும் மறுபடியும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணையும் பொடிக்கல்லையும் அது அரித்துக்கொண்டு வருவதால், உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகி, ஒருநாள் மேலே இருந்த தார் ஓடுபோல் உடைந்து விழுகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த சாலையில் இன்று காலை எங்கிருந்து பள்ளம் வந்தது என்று வியக்கிறோம். வந்தது நேற்றல்ல, வெளியே தெரிந்தது இன்று. குழாய்க்கும் கேபிளுக்கும் வெட்டி அரைகுறையாக மூடிய இடங்களில் இந்த வினை இன்னும் சீக்கிரமாக நடந்துவிடுகிறது. மழைக்கு முன்னால் சாலை வெட்டுவதற்கு மாநகராட்சி தடை விதிப்பதன் காரணம் இதுவே.

பள்ளத்துக்கு நாம் கண்ட பரிகாரம் மற்றொரு தீங்கைக் கொண்டுவந்தது. பழைய தாரின்மேல் புதிய தார், அதன்மேல் இன்னொரு தார் என்று வருஷந்தோறும் போட்டுக்கொண்டே வந்ததில், படியேறி நுழைந்த வீடுகள் படியிறங்கி நுழையும் வீடுகளாக மாறின. சாலையிலிருந்து வழிந்த நீர் வடிகாலுக்குப் போவதற்குப் பதிலாகக் கூடத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் வாசலில் சிமெண்டு மேடு கட்டினார். அந்த மேடு வடிகாலின் வாயை மூடியது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிது போடவேண்டும் என்ற எளிய நியாயத்தை, 2021-ஆம் வருஷத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலரே அறிவுறுத்தவேண்டி வந்தது.

வண்டியும் காலும்

தேங்கிய நீரில் வாகனம் ஓட்டுகிறவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய சில எளிய சாஸ்திர உண்மைகள் உண்டு. வேகமாக ஓடும் அரையடித் தண்ணீர் ஒரு வளர்ந்த மனிதனைக் கால் இடறி விழச் செய்யப் போதும். ஒரு டன் எடையுள்ள கார், ஒரு டன் தண்ணீரை விலக்கியவுடன் மிதக்கத் தொடங்கும். அடித்தட்டுக்குமேல் ஒரு சாண் அளவு நீர் ஏறினாலே ஏறக்குறைய அந்த நிலை வந்துவிடுகிறது. மிதக்கும் காருக்குப் பிரேக்கும் இல்லை, சுக்கானும் இல்லை. எஞ்சின் என்பது காற்றை இழுத்து அழுத்தி வேலைசெய்யும் யந்திரம். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை இழுத்துவிட்டால், தண்ணீர் அழுத்தத்துக்கு இணங்காத பொருளாகையால், உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துபோகும். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை, "எதுவும் பண்ணாதீங்க சார், சாவியைத் தொடாதீங்க, அப்படியே தள்ளிட்டு வாங்க" என்று மெக்கானிக்குகள் கெஞ்சுவதன் தாத்பரியம் இது. மறுபடியும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஒரு நிமிஷ அவசரத்தின் விலை, பல சமயங்களில் எஞ்சினின் விலை. சாதாரணக் காப்பீட்டில் இந்த நஷ்டம் பெரும்பாலும் அடங்குவதில்லை. எஞ்சின் பாதுகாப்பென்று தனியாகப் பணம் கட்டியிருந்தாலே ஈடு கிடைக்கும்.

இதையெல்லாம் அநுபவத்தில் அறிந்த வேளச்சேரிவாசிகள் ஒரு நூதன வழியைக் கண்டுபிடித்தார்கள். 2024 அக்டோபரில் பலத்த மழைக்கு எச்சரிக்கை வந்தவுடனேயே தங்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். வண்டிகள் போவதற்காகக் கட்டிய பாலம் வண்டிகள் தஞ்சம் புகும் மலையாயிற்று. சுற்றியுள்ள நிலத்திலெல்லாம் உயர்ந்த இடம் அதுதான் என்பதை ஜனங்கள் தாமே கண்டுகொண்டது சாமர்த்தியம். கண்டுகொள்ளவேண்டிய நிலைமை நேர்ந்தது துர்ப்பாக்கியம்.

ரயில் நம்மைக் காப்பாற்றும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வண்டி எங்கே நிற்கிறது என்பதை அறிவதற்காகத் தண்டவாளத்தின் வழியே சிறிதளவு மின்சாரம் சதா ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் தண்டவாளத்தை மூடினால் அந்த மின்சாரம் வழிதவறிப்போய், வண்டியே இல்லாத இடத்தில் வண்டி இருப்பதாகக் கைகாட்டி சிவப்பைக் காட்டும். மின்சார ரயிலின் மோட்டார்களும் பெட்டிக்கு அடியிலேயே இருக்கின்றன. ஆகவே தண்டவாளத்துக்கு மேல் நீர் ஏறியபின் ரயிலை நிறுத்திவைப்பது சோம்பல் அல்ல, விவேகம். தரையை விட்டு உயர்ந்து செல்லும் பறக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பறக்கும் ரயிலின் தூண்கள் நெடுந்தூரம் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நாட்டப்பட்டிருக்கின்றன. மூன்று நதிகளையும் குறுக்கே இணைத்து, வெள்ளத்தைப் பங்கிட்டுக்கொள்ளவல்ல அந்தக் கால்வாயின் மார்பில் கால் ஊன்றித்தான் அந்த ரயில் பறக்கிறது.

எந்த வழியும் அற்றுப்போன நாளில் வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியின் மூலம் வேலைசெய்கிற பாக்கியம் ஒரு பகுதியாருக்கு வாய்த்திருக்கிறது. பால் போடுகிறவரும், வீட்டுவேலைக்கு வரும் அம்மாளும், ஆஸ்பத்திரித் தாதியும், தெரு பெருக்கும் தொழிலாளியும், உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து இருசக்கர வண்டியில் விரைகிற இளைஞனும் அந்தப் பகுதியில் சேர்ந்தவர்கள் அல்லர். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றை அப்புறப்படுத்தி, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினார்கள். வேலையோ பழைய இடத்திலேயே இருக்கிறது. நடந்துபோய்ச் செய்த வேலைக்கு இன்று இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வரவேண்டும். வருகிற வழியோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு வருகிறது. வெள்ளத்திலிருந்து காப்பதற்காக இடம் மாற்றப்பட்டவர்களின் பிரயாணத்தை வெள்ளம் இன்னும் நெடுந்தூரம் பின்தொடர்கிறது. சம்பளத்தோடு வீட்டிலிருப்பவருக்கும், ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்று இடுப்பளவு நீரில் இறங்குகிறவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எந்த வானிலை அறிக்கையும் சொல்லுவதில்லை.

2015-இன் பாடம்

2015-ஆம் வருஷத்து நவம்பர் மாதம் முழுவதும் பெய்து ஏரிகள் நிறைந்து நின்ற நிலையில், டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழை ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அதோடு வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாறு மகா பிரவாகமாய்ப் பெருகியது. ஓர் ஓடுபாதையை அந்த ஆற்றின்மேல் பாலம் கட்டி நீட்டியிருந்த விமான நிலையத்துக்குள் நீர் புகுந்து, பல நாட்களுக்கு அது மூடிக்கிடந்தது. சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலத்தை வெள்ளம் தொட்டு மேலேறியபோது, நகரம் வடக்கென்றும் தெற்கென்றும் இரண்டாகப் பிளந்தது. அந்த இடத்தில் 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் தம் சொந்தச் செலவில் முதல் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்க வழியில்லாமல் தவிக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். இருநூற்றெண்பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு, அதே இடத்தில் ஜனங்கள் அதே தவிப்பைத் தவித்தார்கள்.

போக்குவரத்து என்பது ஒரு நகரத்துக்கு எப்படிப்பட்ட உயிர்நாடி என்பதற்கு அந்த நாட்களின் ஒரு சிறு சம்பவமே போதும். 1878-இல் தோன்றிய 'தி இந்து' நாளிதழ், டிசம்பர் 2-ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. அதன் சரித்திரத்திலேயே அது முதல் தடவை என்றார்கள். யந்திரம் பழுதாகவில்லை, காகிதம் தீர்ந்துவிடவில்லை. நகருக்கு வெளியே மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்குத் தொழிலாளிகள் போய்ச்சேரச் சாலை இல்லை, அவ்வளவுதான்.

ஏரியைத் திரும்ப அழைத்தல்

பரிகாரங்கள் புதியவை அல்ல; பல நடந்தும் வருகின்றன. 2021 நவம்பரில் தியாகராய நகர் முழுகியபின், ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழுவை நியமித்தது; வடிகால்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை பல இடங்களில் நடந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூங்காக்களில் மழைநீரை உறிஞ்சி வைக்கும் பள்ளங்கள் வெட்டப்பட்டன. எல்லாவற்றிலும் எனக்கு விசேஷமாகத் தோன்றுவது, 2024-இல் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டியதுதான். 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்ட நகரம், நூறு வருஷங்கள் கழித்து மனையைவிட விலைமதிப்புள்ள திடலைத் தோண்டிக் குளம் ஆக்கியிருக்கிறது. நாம் செய்த கணக்கில் தவறு நேர்ந்தது என்பதை இதைவிடக் கௌரவமாக ஒப்புக்கொள்ள முடியாது.

சாலை என்பது வண்டிக்கும் மனிதனுக்கும் மட்டும் போட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கும் வரையில், ஐப்பசி கார்த்திகையில் அதைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாம் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும். சாலை போடுகிற பொறியாளர் முதலில் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டுவிட்டு, அதன்பிறகே தாருக்கு உத்தரவு கொடுக்கவேண்டும். மேலே போடும் சாலையையும் கீழே ஓடும் வடிகாலையும் தனித்தனி இலாகாக்களின் தனித்தனி வேலையாகக் கருதாமல் ஒரே வேலையாகக் கருதவேண்டும்.

சர்க்காருக்குச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிடலாகாது. வாசலுக்கு வண்டி ஏற்ற நாம் கட்டியிருக்கிற சிமெண்டுச் சரிவு வடிகாலின் வாயை மூடியிருக்கிறதா என்று இன்று மாலையே பார்த்துவிடலாம். மழை நாளில் மின்கம்பத்தையும் தெருவோரத்து மின்பெட்டியையும் தொடாமல் எட்டி நடக்கலாம். புதிதாக வீடோ மனையோ வாங்குகிறவர்கள், பேருந்து நிறுத்தம் எத்தனை தூரம், பள்ளிக்கூடம் எத்தனை தூரம் என்று விசாரிப்பதோடு, வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டைப் பெற்று, அந்த இடமும் அக்கம்பக்கமும் முன்பு ஏரியா, ஓடையா, வாய்க்கால் புறம்போக்கா என்று படித்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நலம். அது முடியாவிட்டால், தெருமுனையில் நிற்கிற பெயர்ப்பலகையையாவது ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அதுவும் முடியாவிட்டால், அந்த வழியாகப் போகிற பேருந்தில் ஏறிக் கண்டக்டரைக் கேளுங்கள்.